எதிர்க் கதிரைப் பக்கம்

மேசையில் தட்டையாகக் கிடந்த டேப்லெட்டின் திரை, யாரும் தொடாமலே, மறுபடியும் தலைகீழாகத் திரும்பியது.

சுஜிதன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஊர்காவற்றுறையில் கணினி படிப்பிக்கிறவன் அவன்; லினக்ஸ் போட்ட டேப்புகளில் திரை இப்படிக் கூத்தாடுவது அவனுக்குப் புதிதில்லை. குசினிக்குள் அவன் மனைவி பிரியவதனி நாளைய அந்தியேட்டிக்கு மா அரிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே சோளகக் காற்று வேலியின் காய்ந்த பனையோலைகளை ஒன்றோடொன்று தேய்த்துத் தேய்த்து, பொழுதுபடும் நேரத்துக் கடல் மணத்தை யன்னல் வழியே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அவன் செட்டிங்குக்குள் போய், திரை திரும்புவதை நிறுத்தினான்.

டேப் மகள் கம்சிகாவினுடையது. பதினொரு வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளை, பெட்டியில்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய அதைப் பிரியவதனியின் அக்கா மகன் லவனுக்குப் படிக்கக் கொடுப்பதாகப் பேச்சு. பழைய விண்டோஸ் அசைய மறுத்ததால் எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் போட்டான் சுஜிதன். அழிக்க முன்னம், அவள் தன்னைத்தானே எடுத்து வைத்திருந்த வீடியோக்கள் அத்தனையையும் பென்ட்ரைவில் ஏற்றினான். கவனமாகத்தான் ஏற்றினான். பிறகு, லினக்ஸை எழுதுவதற்கு வேறு பென்ட்ரைவ் கைவசம் இல்லாமல், அழுது வீங்கிய கண்ணோடு, அதே பென்ட்ரைவிலேயே எழுதிவிட்டான்; அப்படி எழுதினால் அதில் முன்னம் இருந்ததெல்லாம் அழிந்துபோகும்.

இந்தப் பிழையை மட்டும் செய்துபோடாதேங்கோ என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லுகிறவன் அவன். பிள்ளையின் குரல் இரண்டு இடத்திலும் போய்விட்டது. வேறெங்கும் இல்லை.

"இஞ்சாருங்கோ," குசினிக்குள் இருந்து பிரியவதனி கூப்பிட்டாள். "நாளைக்குச் சனம் வந்திடும். இண்டைக்கே பிள்ளையின்ர குரலை ஒருக்காக் கேக்கோணும் போலை கிடக்கு. போட்டுவிடுங்கோவன்."

"ஓம். கொஞ்சம் பொறும்."

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? மகளை இரண்டாந்தரமும் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

திரை திரும்பியது.

நிறுத்தித்தானே வைத்தான்.

நேராக்கினான். டேப்பையே சுழற்றி வைத்தான். படம் மெல்ல, பொறுமையாக, மறுபடி எதிர்ப்பக்கம் போனது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கதிரையை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கம்சிகாவின் கதிரை. "நீங்கள் பாத்தது காணும், அப்பா, இனி நான்" என்று, பனம்பழப் பனாட்டுத் தின்ற பிசுபிசுத்த விரலால் திரையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்புவாள். "துடைச்சுப்போட்டுத் தொடும்" என்று இவன் ஏசுவான்.

கதிரை வெறுமையாக இருந்தது.

பனாட்டு மணத்தது. வீட்டில் பனாட்டு இல்லை. அவள் போனபிறகு யாரும் வாங்கவில்லை.

திரையில் விசைப்பலகை எழும்பியது. கோப்புத் தேடும் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் தலைகீழாக வாசித்தான்.

கம்சி பாட்டு.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றது டேப்.

எழுத்துகள் அழிந்தன. மெதுவாக. பிறகு மறுபடி.

கம்சி பிறந்தநாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

கம்சி.

ஒன்றும் கிடைக்கவில்லை.

கம்சி.

பிள்ளை தன்னைத் தேடுகிறாள். அது விளங்கியதும் சுஜிதன் டேப்பை அணைக்கப் பார்த்தான். பட்டனை அழுத்திப் பிடித்தான். திரை அணையவில்லை. கண்ணாடி சுட்டது. காய்ச்சல் நெற்றியைத் தொட்டது போலச் சுட்டது. கையை இழுத்துக்கொண்டான்.

மா அரிக்கும் சத்தம் நின்றது.

"என்னப்பா, கிடைச்சுதே?"

பிரியவதனி வாசலில் நின்றாள். கை முழுக்க மா. முகத்தில் அந்த ஆசை.

திரை திரும்பியது. இந்த முறை அவன் பக்கம்.

எழுத்துகள் விழுந்தன.

அப்பா என்னை எங்கை வைச்சிருக்கிறியள்.

தேடும் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே அந்தக் கதிரை, சிமெந்து நிலத்தில் உரசி, மேசைக்குக் கிட்ட வந்தது.