வாசலில் இரண்டு ஜோடி

"இன்னிக்கு நீங்க ஒருத்தர்தாம்மா" என்றுதான் காவலாளி அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் கலங்கரை விளக்கத்தின் முதல் படிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெண் செருப்பு. வார் வெளுத்து, குதிகாலில் உப்புப் பூத்திருந்தது.

"அதுவா? யாரோ மறந்துட்டுப் போனது. செருப்பில்லாம எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தாங்களோ!" என்று சிரித்தபடி அவர் அவளுடைய கைப்பையை வாங்கி வைத்தார். "உங்க செருப்பையும் இங்கேயே விடுங்க, இரும்புப் படி வழுக்கும். அஞ்சு மணிக்குப் பூட்டணும். செருப்பு இருக்கான்னு பாத்துட்டுத்தான் பூட்டுவேன். நூத்தம்பது படியை எவன் ஏறிப் பாக்கறது?"

அவள் தலையாட்டிவிட்டு ஏறினாள். கணவர் இருந்தவரை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்ட இடம் இது. அவர் போய் எட்டு மாதமாகிறது. வீட்டில் பேச்சுத்துணைக்குக் குக்கர் விசில்தான். தன்னோடு வந்து இருக்கச் சொல்லித் தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இவள்தான் பிடி கொடுக்கவில்லை. இன்றைக்கு மனசு இளகிவிட்டது. கீழே இறங்கியதும் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். தனியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது.

ஏற ஏறக் கடல் இரைச்சல் சுவருக்குள் புகுந்துகொண்டதைப் போல் அடங்கிப்போக, ஈரச் சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏற, கைப்பிடியின் சில்லிப்பு உள்ளங்கையில் ஒட்ட, தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு அவள் வளைந்து வளைந்து போனாள். அப்போதுதான் அது கேட்டது. ஒரு வளைவு மேலே, ஈரமான வெறுங்கால்கள் படியில் பதிந்து எழும் சத்தம்.

நின்றாள். அதுவும் நின்றது.

"யாருங்க மேல?"

படிகளில் ஈரத் தடங்கள் இருந்தன. எல்லாம் மேலே போகும் தடங்கள்.

யாராயிருந்தாலும் பேசத் துணை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏறினாள். உச்சியில் விளக்கறை காலியாக இருந்தது. தடங்கள் கண்ணாடிச் சுவர்வரை போய், அங்கேயே முடிந்திருந்தன.

சத்தம் மறுபடி கேட்டது. இப்போது கீழே. இறங்கிக்கொண்டிருந்தது. இடது முட்டி வலிக்கு அவள் காலை இழுத்து வைப்பாளே, அதே இழுவை.

விழுந்தடித்து இறங்கினாள்.

கதவு பூட்டியிருந்தது. அவள் செருப்பைக் காணோம். பழைய ஜோடி மட்டும் கிடந்தது.

தட்டினாள். கத்தினாள். கதவில் விழுந்த அடி அவள் காதுக்கே கேட்கவில்லை.

கதவின் கம்பி இடுக்கில் கண்ணை வைத்தாள். வெயில் இன்னும் இருந்தது. காவலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் ஒரு பெண். இவளுடைய கைப்பை. இவளுடைய செருப்பு. இவளுடைய நடை.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த பைக்குள் போன் அடித்தது.

"சொல்லுடி" என்றது இவளுடைய குரல். "ஆமா, முடிவு பண்ணிட்டேன். நாளைக்கே வந்துடறேன். இனிமே தனியா இருக்க முடியாதுடி."

கதவுக்கு உள்ளே அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய பாதங்களிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.