ஆறு குச்சிக்கு மேலே

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த ஐந்தாம் நாள் காலை, புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். வானம் மூடிக் கிடந்தது. அவர் வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனை வருஷமா பூட்டிக் கிடந்துச்சு?"

"பதினஞ்சு இருக்கும்," என்றார் மாமா. என் அக்காவின் கணவர்.

"அப்ப உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கும். காக்காவா, புறாவான்னு பார்த்துடுவோம்."

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த நாளிலிருந்தே கூடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரில் பதித்த, விறகு எரிக்கும் கணப்புக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அவசரம் குண்டுவுக்காக. அக்காவின் ஏழு மாதக் குழந்தை. குறைமாதத்தில் பிறந்து நோஞ்சானாக இருந்ததால், வேண்டுமென்றே அக்கா அப்படிக் கூப்பிட்டாள். மூச்சு விடும்போதெல்லாம் அவன் நெஞ்சில் கீச்சென்று ஒரு சத்தம் வரும். குளிர் படக்கூடாது, புகை படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளிர்காலம் தொடங்கிவிட்டது. கணப்பு எரிந்தாக வேண்டும். ஆனால் புகை முழுவதும் மேலே போய்விட வேண்டும்.

சிம்னிக்காரர் கணப்பின் வாயைத் துணியால் மூடி, நடுவில் ஓட்டை போட்டார்.

"ஒவ்வொரு குச்சியும் ஒரு மீட்டர். திருகித் திருகிச் சேர்த்து மேல தள்ளுவேன். முனையில பிரஷ். அது உச்சியில தலையைக் காட்டினதும் வெளிய இருந்து ஒருத்தர் சத்தம் குடுக்கணும். அதுக்கு மேல தள்ளினா உச்சிச் செங்கல் பேந்துடும்."

"இவ நிக்கட்டும்," என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"இவளா? இவ சத்தம் குடுத்தா இவளுக்கே கேக்காதே," என்றார் மாமா.

"சும்மா இருங்க. குண்டுவுக்காக இன்னைக்கு ஊரே கேக்கக் கத்துவா பாருங்க."

நான் வெளியே போய் ஈரப் புல்லில் நின்றேன். செங்கலுக்குள் பிரஷ் உரசி ஏறும் சத்தம் லேசாகக் கேட்டது. ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.

உச்சியில் கறுப்பாக, உருண்டையாக, சிலிர்த்த முடியோடு ஒன்று எழும்பியது.

"வந்துடுச்சு!"

அவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை. அது மெல்ல அரைவட்டம் திரும்பியது. பிறகு உள்ளே இறங்கிவிட்டது.

நான் கூடத்துக்குள் வந்தபோது சிம்னிக்காரர் குச்சிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறுலயே வந்துடுச்சே. கடைசியில கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு. சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன்."

தரையில் கிடந்த குச்சிகளை எண்ணினேன். ஆறு. இரண்டு மாடி, கூரை, அதற்கு மேல் புகைபோக்கி. எப்படிக் கணக்குப் போட்டாலும் எட்டு மீட்டருக்குக் குறையாது. மறுபடி எண்ணினேன். இருபது வருடமாக இதே வேலை செய்பவரிடம் போய் என்னவென்று சொல்வது?

அவர் கணப்பின் உள்சுவரில் விரிசல்களுக்குக் கலவை பூசினார். புகைவழியைத் திறந்து மூடும் காற்றுத் தகட்டின் துருப்பிடித்த சங்கிலியை மாற்றினார். மதியம் தாண்டி, கொஞ்சம் காகிதமும் சுள்ளியும் வைத்துப் பற்றவைத்தார்.

புகை நேராக மேலே போனது. அக்கா கைதட்டிவிட்டு, போர்வைகளை எடுத்துவர மாடிக்குப் போனாள். குண்டு பக்கத்து அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான்.

தீ எங்கள் பக்கம் சாய்ந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன. காற்று இல்லை.

முடி கருகும் வாடை வந்தது.

"ஏதோ கூடு," என்று சிம்னிக்காரர் முணுமுணுத்தார். தகட்டை இன்னும் திறக்கச் சங்கிலியை இழுத்தார். அது வரவில்லை. மேலே யாரோ பிடித்திருப்பதுபோல் விறைத்து நின்றது. பிறகு தானாகத் தளர்ந்தது.

உள்ளே ஏதோ இறங்கியது. தொப்பென்று விழவில்லை. மெதுவாக, கால் வைக்க இடம் பார்த்து இறங்குவதுபோல்.

கரி பொழிந்து தீ அணைந்தது. கூடம் இருண்டது. மாமா சுவரில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது.

நான் பக்கத்து அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன்.

புகை எனக்கு முன்பே வந்திருந்தது. கதவிடுக்கு வழியே நுழைந்து, தரையோடு தரையாக ஒற்றைக் கோடாகத் தொட்டில்வரை போய், அங்கே மட்டும் எழும்பியிருந்தது. சூடான புகை அப்படிப் போகாது.

குண்டு விழித்திருந்தான். வாய் திறந்திருந்தது. கோட்டின் முனை அவன் உதட்டருகே மெலிந்து, மறைந்தது.

அவனை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அலாரம் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்த அக்கா, புல்வெளியில் அவனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் மார்பில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"சத்தம் இல்லைடி."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, மூச்சு இருக்குங்க. அந்தக் கீச்சு சத்தம்தான் இல்ல!" அழுகையும் சிரிப்புமாக அக்கா சொன்னாள். "சுத்தமா இல்ல!"

ஜன்னல்களைத் திறந்து, அலாரம் ஓய்ந்த பிறகு, சிம்னிக்காரர் மறுபடி குச்சிகளைச் செலுத்தினார். எட்டாவது குச்சிக்குப் பிரஷ் உச்சியில் வந்தது. தட்டையான வட்டம். அதன் நார்களுக்கிடையே வானம் தெரிந்தது.

காலையில் நான் பார்த்ததன் ஊடே வானம் தெரியவில்லை.

உள்ளே போய் அவர் அருகில் நின்றேன்.

"காலைல நான் பார்த்தது பிரஷ் இல்லைங்க."

"அப்ப என்னம்மா பார்த்தே?"

அவர் கணப்புக்குள் குனிந்து டார்ச் அடித்தார்.

"இப்ப வழி காலியா இருக்கும்மா. கூடும் விழல, குஞ்சும் விழல. ஆறு குச்சிக்கு மேல உக்காந்திருந்தது எங்க போச்சு?"

அதோடு அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு குச்சியை விட்டுவிட்டுப் போனார். மாமா போன் செய்தும் அவர் அதை எடுக்க வரவில்லை.

அன்று மாலையே குண்டுவை டாக்டரிடம் கொண்டுபோனோம். மாமா வண்டியை நிறுத்தப் போயிருந்தார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை அவன் முதுகில் வைத்ததும் புருவம் உயர்த்தினார்.

"ரொம்பத் தெளிவா இருக்கே. ஆறு மாசமா இப்படிக் கேட்டதே இல்ல."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

டாக்டர் கருவியை மார்புக்கு மாற்றினார். கீழே நகர்த்தினார். மறுபடி முதுகு. சிரிப்பு மெல்லப் போய்விட்டது. காதிலிருந்து குழாய்களைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே? என் காதுலதான் கோளாறான்னு பாரு."

நான் காதில் மாட்டிக்கொண்டேன்.

சின்ன மூச்சு ஒன்று உள்ளே போனது. வெளியே வந்தது. சுத்தமான மூச்சு.

அது முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது. ஆழத்திலிருந்து, நிதானமாக, ஒரு ஏழு மாத நெஞ்சுக்குள் அடங்காத நீளத்துக்கு.