இமெல்டா வரைந்த கண்கள்

டெலிபோன் அலறியது.

ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்திக்கொண்டிருந்த இமெல்டா, தூரிகையை வைத்துவிட்டு எடுத்தாள்.

"பெரியகல்லாறு வாவியில ஒரு எலும்புக்கூடு, மகள். கழுத்துல பேர்னாட் எண்டு பேர் வெட்டின சிலுவை..."

இன்ஸ்பெக்டர் சீனித்தம்பி.

பேர்னாட் அவளுடைய அண்ணன். மட்டக்களப்பின் ஒரே றொக் இசைக்குழுவில் பாடகன். ஞானம் தேடி இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று மூன்று மாதமாகச் சொல்லி வந்தான் குழுத் தலைவன் டொமினிக்.

ஸ்டேஷனில் அதே டொமினிக், குழு வெளியிட்ட இசைத்தட்டின் அட்டையை மேசையில் வைத்தான். பெல்பொட்டம் போட்ட பெடியன்கள் அந்த அட்டைக்கு அர்த்தம் சொல்லியே தேத்தண்ணிக் கடைகளை நிறைத்த காலம் அது.

அட்டைப் படத்தில், தோணியில் மல்லாந்து கிடக்கும் பேர்னாட். நெஞ்சில் தாமரை. ஆகாயத்தை வெறிக்கும் கண்கள்...

"வெள்ளை உடுப்பு எண்டா பிணத்துக்குப் போத்துற கோடி, ஐயா. முறிஞ்ச துடுப்பு எண்டா முடிஞ்ச பயணம். எல்லாம் அவன்ட யோசனை. சாகப்போறதப் படத்துல சொல்லிப்போட்டுத்தான் போயிரிக்கான்."

"அப்ப தற்கொலை..." என்றார் சீனித்தம்பி.

நெகட்டிவ் உறையோடு வந்திருந்த இமெல்டா நிமிர்ந்தாள். தற்கொலை என்றால் சேமக்காலையில் குழி வெட்ட விடமாட்டேன் என்று பாதர் சொல்லிவிட்டார். அண்ணனை வேலிக்கு வெளியிலா புதைப்பது?

"டொமினிக் அண்ணன், படம் நீங்கதானே எடுத்த?"

"ஓம். மூண்டு எடுத்தன். சிரிச்சுக் கதைச்சுக்கிட்டுத்தான் கிடந்தான்."

"கண் மூடியிரிந்திச்சே?"

"வெயில் கூச்சம். அதாலதானே உன்னட்டத் தந்து திறக்கச் சொன்ன."

"திறந்தன். மூடின இமைக்கு மேல என்ட கையாலயே வரைஞ்சன்." அவள் உறையைப் பிரித்தாள். "உதட்டுல ஒரு புள்ளி இரிந்திச்சு. தூசி எண்டு அழிச்சன். மத்த ரெண்டு நெகட்டிவையும் இண்டைக்குத்தான் லென்ஸ் வச்சுப் பாத்தன், ஐயா."

சீனித்தம்பி வாங்கி, லென்ஸ் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒன்றில், மூக்குத் துவாரத்தில் ஈ.

மற்றதில், திறந்த வாய்க்குள் இரண்டு...

"சிரிச்சுக் கதைச்ச ஆள், டொமினிக். வாய்க்குள்ள ஈ போயும் துப்பல்லையே?"

டொமினிக் கதவைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள்.

"குழுவ விட்டுப் போறன் எண்டான்... பாட்டெல்லாம் அவன்ட... துடுப்பால ஒரே அடிதான், ஐயா..."

"எழும்பு. உன்னையும் படம் எடுக்கணும். நேர ஒண்டு, பக்கவாட்டுல ஒண்டு."

இமெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுங்க, ஐயா. அதுல ஒரு புள்ளியும் நான் அழிக்கமாட்டன்."