பட்டறையில் ஆயுத பூஜை

காலை 7.10.

பழைய ரயில் பட்டறையின் கதவைத் திறந்த காவலுக்கு இருக்கிற ஜாகா ஹமிட், உள்ளே வைத்த காலை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டார். முந்தின நாள் ஆயுத பூஜைக்காகப் போட்டிருந்த மேசைக்கு முன்னால் செல்வரத்தினம் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. ரத்தம் சிமெண்டுத் தரையில் ஓடி, மாக்கோலத்தில் பாதியை அழித்துவிட்டுக் காய்ந்து கிடந்தது. ஹமிட் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் தரை முழுக்க நடந்து, இருந்திருக்கக்கூடிய காலடித் தடங்களுக்கும் சேர்த்துக் கருமாதி செய்துவிட்டார்கள்.

செல்வரத்தினம் ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், பெரியப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே பற்று இந்தப் பட்டறைதான். செமிலிங் பக்கத்தில் மெல்டன் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அங்கிருந்து ரப்பரை ஆற்றுத்துறைக்கு இழுத்துப் போன குட்டி இஞ்சின்களைப் பழுது பார்த்த இடம் இது. நூறு வயதைத் தாண்டிய செங்கல் கட்டடம். உள்ளே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு இஞ்சின். தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கி, பட்டறையை இடித்துவிட்டுப் பேரங்காடி கட்டப்போவதாக அறிவித்தது. செல்வரத்தினம் மனு போட்டார், பத்திரிகையில் எழுதினார், அமைச்சுப் படிகளில் ஏறி இறங்கினார். கடைசியில் இன்று காலை அலோர் ஸ்டாரிலிருந்து மரபுடைமை அதிகாரிகள் பட்டறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் தலையை ஆட்டிவிட்டால் ஒரு செங்கல்லைக்கூட யாரும் பெயர்க்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பட்டறை இடியாமல் நின்றால் பேரங்காடி இல்லை. பேரங்காடி இல்லை என்றால், தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்டத்து லயங்களில் இன்னும் ஒண்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு நிறுவனம் தருவதாகச் சொன்ன கல்வீடுகளும் இல்லை. நிறுவனத்தார் லயத்துக்கே வந்து ஒலிபெருக்கியில் இதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே செல்வரத்தினத்தைப் புகழ்ந்தவர்கள் பத்திரிகையில் இருந்தார்கள், திட்டியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

காலை 8.30.

சுங்கைப்பட்டாணியிலிருந்து இன்ஸ்பெக்டர் பிரேமாவதி வந்தார். பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவரின் மகள். அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்களை அவர் நம்புவதும் இல்லை.

முதலில் மேசையைப் பார்த்தார். வெள்ளைத் துணி விரித்து, சுத்தியல், ஸ்பேனர், அரம், இடுக்கி என்று பட்டறைச் சாமான்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். முன்வரிசையில் நாலு சுத்தியல்கள், அதில் ஒன்று இஞ்சின் சக்கரத்தை அடிக்கிற பெரிய சுத்தியல். விழுந்து கிடந்தவரின் தலைமாட்டிலிருந்து கையை நீட்டினால் எட்டிவிடும். எதிலும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அடித்த ஆயுதம் பின்கட்டு லோங்காங் சாக்கடையில் கிடைத்தது. தண்டவாளங்களை இணைக்கிற கனத்த இரும்புப் பட்டை. இரவெல்லாம் பெய்த மழை அதைக் கழுவியிருந்தாலும், ஆணித் துளைக்குள் நரைமுடி ஒட்டியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடவே சார்ஜன் ரஸாலிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பின்வாசலைத் தாண்டி, வேலியோரத்தில், இடுப்பளவு லாலான் புல்லுக்குள் பழைய இரும்புக் குவியல் ஒன்று புதைந்து கிடந்தது. ஒரே ஒரு பட்டை அண்மையில் உருவப்பட்ட அடையாளம் அதில் தெரிந்தது.

வளாகத்துக்கு ஒரே கேட்டுதான். ஜாகா ஹமிட் நேற்று மாலை முழுவதும் கேட்டுக்கு எதிரிலிருந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரரும் அதை உறுதி செய்தார். பூஜை முடிந்ததும் கூட்டம் கோயிலுக்குப் போய்விட்டது. விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வரத்தினம் மட்டும் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு தனித்தனியாக உள்ளே போனவர்கள் மூன்று பேர். நிறுவனத்தின் தள நிர்வாகி லோகேஸ்வரன், செல்வரத்தினத்தின் தங்கை மகன் அனந்தன், பட்டறையின் முன்னாள் பிட்டர் முருகையா. பிறகு நல்ல மழை பிடித்துக்கொண்டது. யார் எப்போது வெளியே வந்தார்கள் என்று ஹமிட்டால் சொல்ல முடியவில்லை. ஐயா விளக்கோடு அங்கேயே படுத்துவிட்டார் என்று நினைத்தாராம்.

பத்து மணிக்கு வந்த மரபுடைமை அதிகாரிகள் மஞ்சள் நாடாவைப் பார்த்துவிட்டுக் காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள்.

மதியம் 2.00.

தடயவியல்காரர்கள் மேசையைப் படமெடுத்து, ரேகை எடுத்து முடித்த பிறகு, பிரேமாவதி மூவரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். மூவரிடமும் ஒரே வேலையைச் சொன்னார். சாமான்களில் ஏதாவது குறைகிறதா என்று பார்க்கவேண்டும். ரேகை எடுத்தாயிற்று, தொட்டுப் பார்க்கலாம்.

லோகேஸ்வரன் முதலில் வந்தார். நேற்றுப் பூஜைக்கு நடுவிலேயே அவரும் செல்வரத்தினமும் ஓரமாக ஒதுங்கிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதை ஊரே பார்த்திருந்தது. பிறகும் அவர் திரும்பி வந்திருக்கிறார்.

"என்ன சண்டை?"

"சண்டை இல்ல மேடம். பேசினோம்."

"என்ன பேச்சு?"

"கம்பெனி விஷயம். கேஎல் ஹெட் ஆபீஸ்ல கேக்காம நான் வாய் தொறக்க முடியாது லா."

அவர் ஸ்பேனர்களைச் சந்தைக் கத்தரிக்காய் போலப் புரட்டினார். ஒன்றில் சந்தனம் கலைந்திருந்தது. அதைத் தானே நேற்றுப் பூஜை முடிந்த கையோடு எடுத்துப்போய்க் காரின் பேட்டரியை முடுக்கியதாகவும், ஐயா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததாகவும் சொன்னார். மற்றபடி எது குறைகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அனந்தன் கூலிம் ஹைடெக் பூங்காவில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அப்பா வழியில் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். வந்ததும் பெரிய சுத்தியலைத் தூக்கினார், கையில் நிறுத்துப் பார்த்தார்.

"இதாலயா அடிச்சவை?"

இல்லை என்றார் பிரேமாவதி. மாமாவுடன் என்ன பிரச்சினை என்று கேட்டார். அனந்தன் மறைக்கவில்லை. செல்வரத்தினம் தன் வீட்டைப் பட்டறை அறக்கட்டளைக்கு எழுதிவைக்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம். எனக்குக் கோபம்தான், நேற்றும் அதைப் பேசத்தான் வந்தேன், மாமா அசையவில்லை, போய்விட்டேன் என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்தார். சுத்தியலை இன்னும் கீழே வைக்கவில்லை.

மூன்றாவதாக முருகையா. இந்தப் பட்டறையிலேயே வேலை கற்றவர். இரண்டு வருஷமாகச் செல்வரத்தினத்தோடு சேர்ந்து அந்தக் குட்டி இஞ்சினை ஓடவைத்தவரும் அவர்தான். அதே சமயம் லயத்துக் குடும்பங்களின் சங்கத் தலைவர். ஒரு காலைப் பட்டறையிலும் மறுகாலை லயத்திலும் வைத்துக்கொண்டிருந்த மனிதர். எப்படித்தான் தூங்கினாரோ.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாலேயே வரிசையைப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்றார். பிரேமாவதி சின்னச் சுத்தியலை எடுத்து நீட்டினார்.

"கைப்பிடி புதுசு மாதிரி இருக்கே, பிடிச்சுப் பாருங்கண்ணே."

முருகையா ஒரு எட்டுப் பின்னால் போனார். "எடுக்கிற பூஜை இன்னும் போடலம்மா."

நேற்று மாலை எதற்கு வந்தீர்கள் என்று பிரேமாவதி கேட்டார். லயத்து விஷயம் கேட்க வந்ததாகவும், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஐயா சொன்னதாகவும், உடனே போய்விட்டதாகவும் பதில் வந்தது.

அவர் போனதும் பிரேமாவதி சார்ஜன் ரஸாலியைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஒரு வேலை சொல்லி அனுப்பினார். ரஸாலிக்கு அது பிடிக்கவில்லை. லோகேஸ்வரனைப் பிடித்து உள்ளே போட்டால் முடிந்தது என்பது அவர் கட்சி.

மாலை 5.30.

மூவரையும் மறுபடி மேசை முன்னால் நிறுத்தினார் பிரேமாவதி. வாசலில் ரஸாலி வந்து நின்றுகொண்டார்.

"கொலை செய்ய வந்தவன் ஆயுதத்தோட வருவான். இவன் கொண்டு வரல. அந்த இரும்பு இங்க பின்னாலேருந்து எடுத்தது. அப்படின்னா பேசத்தான் வந்திருக்கான், பேச்சில கோபம் வந்திருக்கு. கோபம் வந்த ஆளுக்குக் கை எட்டுற தூரத்தில நாலு சுத்தியல். அதை விட்டுட்டு, கொட்டுற மழையில பின்வாசல் வழியா போயி, லாலானுக்குள்ள தேடி ஒரு இரும்பை உருவிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கான். ஏன்?"

ரேகைக்குப் பயந்திருக்கலாம் என்றார் லோகேஸ்வரன். இரும்பைத் தூக்கிப்போட்ட அதே லோங்காங்கில் சுத்தியலையும் போட்டிருக்கலாமே என்றார் பிரேமாவதி.

"நீங்களா இருந்தா சுத்தியலைத்தான் எடுத்திருப்பீங்க. பூஜை முடிஞ்ச கையோட ஸ்பேனர் எடுத்துப் பேட்டரி முடுக்கின ஆளு. அனந்தனும் அதைத்தான் எடுத்திருப்பார், அவருக்கு இது வெறும் சாமான். பின்கட்டுல இரும்பு கிடக்கிறதே ரெண்டு பேருக்கும் தெரியாது." அவர் முருகையாவின் பக்கம் திரும்பினார். "எங்கப்பா ஆயுத பூஜைக்கு வச்ச பால்வெட்டுக் கத்தியை மறுநாள் எடுக்கிற பூஜை போடாமத் தொடமாட்டாரு. கங்காணி வந்து கத்தினாக்கூட மாட்டாரு. நீங்க நான் நீட்டின சுத்தியலையே வாங்கல. நேத்தும் உங்களால அதைத் தொட முடியல, அண்ணே. படையல்ல வச்சதைத் தொடக்கூடாதுன்னு வெளிய போனீங்க. போற வழியில திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்."

ரஸாலி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஈரமான வேட்டி. லயத்தில் முருகையா வீட்டு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ரத்தம் போயிருந்தது, துருவின் கறை போகவில்லை. மிச்சத்தை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும்.

முருகையா வேட்டியைப் பார்த்தார். மறுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருந்தது.

"மழை பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி ஏறிடும்மா. பேரப்புள்ளைங்கள மேச மேல படுக்க வச்சிட்டு நாங்க விடிய விடிய நிக்கிறோம். நேத்தும் இருட்டிக்கிட்டு வந்திச்சி. அதான் வந்தேன். இஞ்சினுக்கு ரெண்டு வருஷம் உசிரக் குடுத்தேனே, எங்களுக்கு என்ன வழின்னு கேட்டேன். சிரிச்சாரு. 'நாளைக்குச் சொல்லுறன் முருகையா, அவசரப்படாதை'ன்னாரு. திரும்பிக்கிட்டு வெளக்குக்கு எண்ணெ ஊத்துறாரு. சிரிச்சாரும்மா."

அனந்தன் முகத்தை மூடிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். இதை எழுதுகிற எனக்குச் செல்வரத்தினத்தின் மீதும் கோபம் வருகிறது, செத்தவர் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை. படித்தவர்களுக்கு நல்ல செய்தியைக்கூட மேடை போட்டுத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அப்போதுதான் லோகேஸ்வரன் வாயைத் திறந்தார். கேஎல்லைக் கேட்கவில்லை.

"அண்ணே, வீடு குடுக்கிறதா பேசி முடிச்சிட்டோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டு நிலத்தில. பட்டறை இங்கயே நிக்கட்டும், கடைங்க சின்னதா வரட்டும், மொதல்ல லயத்துக்கு வீடுன்னு ஐயா ஒத்தக் கால்ல நின்னாரு. நேத்துப் பூஜையில கையை ஆட்டி ஆட்டிப் பேசினது அதுக்குத்தான். சாயங்காலம் மேலிடம் சரின்னிருச்சி, அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தேன். ஐயாவுக்கு அவ்வளவு சந்தோஷம். யாருக்கும் இப்பச் சொல்லாதை, நாளைக்கு அதிகாரிங்க முன்னால, லயத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு வச்சு நானே சொல்லுறன்னாரு."

முருகையாவின் உதடு அசைந்தது. அந்த வீடுகள் இப்போதும் வருமா என்று அவர் கேட்டது பக்கத்தில் நின்ற பிரேமாவதிக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது. லோகேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் இங்கே எதற்கும் மேலிடம் கையெழுத்துப் போடாது, இடத்தை அப்படியே விற்றுவிடச் சொல்லி மதியமே உத்தரவு வந்துவிட்டது என்றார். வாங்குகிறவன் லயத்தை வைப்பானா, பட்டறையை வைப்பானா என்பது அவருக்கும் தெரியாது.

ரஸாலி விலங்கை எடுத்தார். முருகையா கைகளை நீட்டிக் கொடுத்தார். கேட்டுவரைக்கும் நடந்தார். கேட்டுக்கு வெளியே லயத்து ஜனங்கள் நின்றிருந்தார்கள். அவர் மகளும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாள். போலீஸ் காரில் ஏறுவதற்கு முன்னால் முருகையா பிரேமாவதியிடம் திரும்பினார்.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா? ஏன் சொல்லல?"

பிரேமாவதி அவர் தலை இடிக்காமல் இருக்கக் கையை வைத்து உள்ளே உட்காரவைத்தார். பதில் தெரிந்த ஒரே மனிதரின் உடல் அந்நேரம் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருந்தது.