வரிசையில் நிற்கும் தட்டுகள்

சிஸ்டர் பாக்யா விரலால் அழுத்தியும் இயந்திரத்தின் திரையிலிருந்த பொத்தான் அமுங்கவில்லை.

சைத்ரா நிமிர்ந்தாள். ஜெயநகர் மரங்களில் பெய்துகொண்டிருந்த மாலை மழையின் ஈரமும் டெட்டால் நெடியும் அறையில் கலந்து நின்றன. அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருந்த அம்மாவின் மெல்லிய முனகலுக்கு அடியில், அவள் கைக்கு வலிமருந்து ஏற்றும் இயந்திரம் ஈக்கூட்டம்போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

பாக்யா மறுபடி தட்டினாள். மறுபடியும்.

"தட்டாதீங்க சிஸ்டர்."

"நாலு குத்து குத்தினாதான் மேடம் இது முழிக்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரி."

அந்தத் திரைக்கு நிரல் எழுதியவளே சைத்ராதான். திரை உறைந்துபோனாலும் விழுகிற தட்டெல்லாம் உள்ளே வரிசையில் நிற்கும். விழித்ததும் ஒன்றுவிடாமல் நிறைவேறும். ஒரு தட்டுக்கு ஒரு பங்கு மருந்து. பழைய தட்டுகளைத் தள்ளிவிட அவள் எழுதிய வரிகளை டீம் லீட் உமாபதி அழித்துவிட்டார். தட்டு வீணானால் வாடிக்கையாளர் கத்துவாராம். எல்லோர் முன்னாலும் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு இப்போது அவள் நெஞ்சில் எரிந்தது.

மருந்தை உடனே கழற்றச் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் முடியாது என்றாள் பாக்யா. சைத்ரா உமாபதியை போனில் பிடித்தாள். அவர் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா சைத்ரா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, போதும்."

"படுத்திருக்கிறது எங்கம்மா சார்."

"அப்போ பதறாம பண்ணுங்க."

போனைக் கட்டிலில் வீசிவிட்டு, அவர் குரல்வளையையே பிடுங்குவதுபோல மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை அணையவில்லை. உள்ளே பேட்டரி இருந்தது.

திரை விழித்தது.

பொத்தான் அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. பாக்யா இரு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு பின்வாங்கினாள். அவள் தட்டியதெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை.

சைத்ரா குழாயை மடித்து நெரித்தாள். மடிப்பைத் தாண்டியும் மருந்து இறங்கியது. அம்மாவின் முனகல் நின்றது.

திரையின் கண்ணாடியில் ஈரமான விரல்தடம் ஒன்று பதிந்தது. அதன்மேல் இன்னொன்று, தடித்தது. பிறகு மிகச் சிறியது, குழந்தையின் விரலைப்போல. எங்கெங்கோ உறைந்த திரைகளைத் தட்டித் தட்டிக் காத்துக்கிடந்தவர்களின் தட்டுகள், இத்தனை நாளும் வரிசையில் நின்றவை. ஒவ்வொரு தடத்துக்கும் மருந்தின் அளவு ஏறியது.

யாரும் தொடவில்லை.

விரல்தடங்கள் கண்ணாடியை நிரப்பிக்கொண்டே வந்தன.