வேர்வை சொன்ன சாட்சி

நீலக்கல் காணாமல் போனது பகல் பதினொன்றரைக்கு. வெள்ளைத் தட்டு மேசைமேல் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த கல்லைத்தான் காணோம்.

கல்லின் சொந்தக்காரி அதை மதிப்புப் பார்க்கக் கொடுத்துவிட்டு, நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். அதற்குள் கல் கிடைக்காவிட்டால் கடையின் பெயர் போகும். கூடவே அக்காவின் மேசையும் போகும்.

அக்காதான் அந்த ரத்தினக் கடையின் கண். விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்ப் பல வருடம் ஆகிறது. கல்லை எடைபோடும் கண்ணுக்குக் கை எதற்கு? தம்பி இடுக்கியில் கல்லைப் பிடித்துத் திருப்புவான். சக்கர நாற்காலியில் இருந்தபடி, தாங்கியில் பொருத்திய லென்ஸ் வழியே அவள் பார்ப்பாள். ‘ம்’ என்றால் நல்ல கல். ‘ம்ஹும்’ என்றால் கொண்டுவந்தவர் செருப்பைத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.

தம்பிக்கு அவளிடம் ஒரே ஒரு குறை. அவ்வப்போது அவளுக்கு முகத்தில் மட்டும் வேர்த்துக் கொட்டும்.

“வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கக்கா. நீ வீட்டுலயே இரு, கல்லைப் படம் எடுத்து அனுப்புறேன்” என்று கொஞ்ச நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

“படத்தைப் பார்த்துக் கல்லு வாங்குறவன், சோத்தையும் படத்துலயே பார்த்துக்கட்டும்” என்று அவன் வாயை அவள் அடைத்திருந்தாள். இப்போது அவள் வாய்க்கே ஆபத்து.

பூட்டிய கடைக்குள் அக்காவைத் தவிர மூன்று பேர். தம்பி, அக்காவைக் கவனித்துக்கொள்ளும் சுறுசுறுப்புக்காரி சிட்டு, சொந்தக்காரியை இந்தக் கடைக்கு அழைத்துவந்த தரகர். இன்ஸ்பெக்டர் ஒரு பெண் காவலருடன் வந்து சேர்ந்தார்.

“கல்லைக் கடைசியா பார்த்தது யாரு?”

“நான்தான் சார்” என்றாள் அக்கா. “லென்ஸ் கண்ணாடியில கறை இருக்குன்னு தரகர் சொன்னாரு. சிட்டு கழட்டித் துடைச்சா. திரும்ப மாட்டுறதுக்குள்ள தட்டு காலி.”

“தம்பி எங்க இருந்தாரு?”

“போன் வந்துச்சு சார். திரும்பி நின்னு பேசிட்டிருந்தேன். அப்புறம், கீழ விழுந்திருக்கும்னு மூணு பேரும் மேசைக்கடியில பூந்து தேடினோம்.”

மூவரையும் சோதித்தார்கள். பை, மடிப்பு, சிட்டுவின் கொண்டை, தரகரின் மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. அக்காவை யாரும் சோதிக்கவில்லை. விரல்கூட அசையாதவள் எதை எடுப்பாள்?

“கண்ணாடியைக் கழட்டினது இவதானே” என்று இன்ஸ்பெக்டர் சிட்டுவை மூலைக்கு அனுப்பினார். “அவங்க பக்கத்துல போகக் கூடாது.” தரகரைப் பார்த்து, “நீங்க கிளம்பலாம்” என்றார்.

தரகர் கிளம்பவில்லை. “அக்காவை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரல சார்.”

அப்போது அக்காவின் நெற்றியில் துளிகள் அரும்பின. அடுத்த நிமிடம் மூக்கு நுனியில் சொட்டி, கழுத்துப் பட்டி நனைந்தது. தலைக்குள் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல வலித்தது.

“ஏம்மா, ஏசி ஓடுது. உங்களுக்கு மட்டும் எதுக்கு இப்படி வேர்க்குது? யாரையாவது காப்பாத்துறீங்களா?”

“அது பயத்துல வர்ற வேர்வை இல்ல சார்!” மூலையிலிருந்து சிட்டு கத்தினாள். “கீழ எங்கயோ ஏதோ உறுத்துது. உடனே பார்க்கணும், விட்டா உயிருக்கே ஆபத்து!”

“முதல்ல சிறுநீர் டியூபைப் பாருங்க” என்று தம்பி பதறினான்.

“பாவம், பயந்துட்டாங்க” என்றார் தரகர். “கொஞ்சம் விசிறிவிட்டா சரியாயிடும். வீட்டுக்கு நானே தள்ளிட்டுப் போறேனே.”

“என்னைச் சாய்க்காதீங்க, நிமிர்ந்தே இருக்கணும்” என்றாள் அக்கா. அவள் சொல்லச் சொல்லப் பெண் காவலர் பார்த்தாள். டியூப் மடங்கவில்லை. பை நிரம்பவில்லை. இடுப்புப் பட்டையைத் தளர்த்தியும் வேர்வை நிற்கவில்லை.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். வலியோடு ஒரு சிரிப்பும் வந்தது.

“சிட்டு, காலையில ஷூ பட்டையை எப்படிப் போட்ட?”

“எப்பவும் போலத்தான்கா. ஒரு விரல் நுழையிற மாதிரி.”

“சார், இப்ப நுழையுதான்னு பாருங்க.”

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டார். இடது காலில் விரல் நுழைந்தது. வலது காலில் நகம்கூட நுழையவில்லை. பேனா முனையால் பட்டையை விலக்கி, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளங்கையில் நீலமாக விழுந்தது கல். அக்காவின் குதிகாலில் அதன் கூர்முனை சிவப்பாகக் குழி போட்டிருந்தது.

“இது எப்படிம்மா உங்களுக்கு...”

“குத்துறது எனக்குத் தெரியாது சார். ஆனா காலு சும்மா இருக்காது. சேதி தலைக்குப் போய்ச் சேர வழியில்லன்னா, ரத்த அழுத்தத்தை ஏத்திவிட்டு, நெத்தி வழியா வேர்வையா கொட்டும். சாக்ஸ் மடிஞ்சாலே இந்தக் கூத்துதான். அது சிட்டுவுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும், என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவனே அவன்தான். இவங்க திருடியிருந்தா ஊர்ல எங்க வேணும்னாலும் ஒளிப்பாங்க, என் ஷூவுல மட்டும் ஒளிக்க மாட்டாங்க. மேசைக்கடியில பூந்தது மூணு பேர். என் உடம்பைத் தெரியாதவர் ஒருத்தர்தான்.”

எல்லோரும் தரகரைப் பார்த்தார்கள்.

“இதெல்லாம் ஒரு ஆதாரமா?” என்றார் அவர்.

“கண்ணாடியில கறைன்னது நீங்க. நாற்காலியைத் தள்ளிட்டுப் போறேன்னதும் நீங்க. போகலாம்னு சொன்ன பிறகும், காரியம் இல்லாம கடையில நிக்கிற தரகரை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். கல்லு நழுவாம இருக்கப் பட்டையை இறுக்கினீங்களே, அதுல சிட்டு விரல் ரேகை பதிஞ்சிருந்தா நியாயம். உங்க விரலுக்கு அங்க என்ன வேலை?”

தரகரின் நெற்றியிலிருந்து வேர்வை முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

“சிட்டு, சாருக்கு ஒரு துண்டு குடு” என்றாள் அக்கா. “அந்த வேர்வைக்குக் காரணம் தேட வேண்டாம்.”

நான்கு மணிக்குச் சொந்தக்காரி வந்தபோது அக்காவின் முகம் காய்ந்திருந்தது. தம்பி கல்லைத் திருப்பினான். அவள் லென்ஸ் வழியே நிதானமாகப் பார்த்து, ‘ம்’ என்றாள்.

சொந்தக்காரி போன பிறகு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“என் மேசையை வாசல் பக்கமா நகர்த்து” என்றாள் அக்கா. “வர்றவங்க முதல்ல என் முகத்தைத்தான் பார்க்கணும்.”

“சரிக்கா. ஆனா... வேர்த்துச்சுன்னா?”

“வேர்த்துச்சுன்னா, முதல்ல என்னைப் பாரு. அப்புறம் கடையில எது காணோம்னு பாரு.”