பன்னிரண்டாவது சாவி

மதியம் மூன்று மணிக்கு, அவர் கேட்காத சாவி ஒன்று பதிவேட்டில் ஏறியிருந்தது.

இரும்புச் சாவி இல்லை. கிளவுடில் இருக்கும் சேவையிடம் கேட்டால் நீளமான எண் ஒன்றை இரண்டு பிரதிகளாகத் தரும்: ஒன்று திறந்தது, ஒன்று பூட்டியது. திறந்த பிரதியால் கோப்பைப் பூட்டிவிட்டு அதைக் கையோடு அழித்துவிட வேண்டும். பூட்டிய பிரதி கோப்போடு கிடக்கும்; கோப்பைத் திறக்க அதைச் சேவையிடமே திருப்பிக் காட்டிக் கேட்க வேண்டும். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்று ஒவ்வொன்றும் பதிவேட்டில் விழும். பத்து வருடமாக இதே பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்குப் பூட்டுக்காரர் என்றே பெயர்.

கேட்டவர் என்ற இடத்தில் அவர் மனைவியின் அக்கவுண்ட் இருந்தது. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

அவளுக்கும் இதே வேலைதான். நோயில் குரல் தேயத் தொடங்கியதும் பதினோரு ஒலிப்பதிவுகள் செய்து, தானே பூட்டி, திறக்கும் உரிமையைத் தன் அக்கவுண்டுக்கு மட்டும் வைத்தாள். பதினோராவது பதிவுக்கு மறுநாள் குரல் சுத்தமாக நின்றது. டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. அவள் போன பிறகு தினமும் அவர் அவள் அக்கவுண்டில் நுழைந்து ஒன்றைக் கேட்டுவிட்டு மூடுவார். திறந்த பிரதி எதையும் விட்டுவைக்காத தொழில் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை.

ஆனால் இது திறப்பதற்கான கோரிக்கை இல்லை. புதிதாக எதையோ பூட்டுவதற்கு. 'எதற்கு' என்ற கட்டத்தில் அவள் எப்போதும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் எழுதுவாள். இப்போது அதில் 'வாசல்' என்று இருந்தது.

வெட்கமில்லாமல் சொன்னால், அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

போன் அடித்தது. மேலதிகாரி.

"பூட்டுக்காரரே, உங்க வீட்டம்மா அக்கவுண்ட்ல ஏதோ ஓடுது. யாரோ உள்ள பூந்திருக்கான். ஆறு மணிக்குள்ள மூடிடுங்க."

"சரி, மூடிடறேன்."

காலையிலிருந்து வீட்டில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தது அப்போதுதான். குரல் கரகரத்தது.

மூடினால் பதினொன்றும் போய்விடும். முதலில் பிரதி எடுக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துணி வாடை ஒன்று வாசல் பக்கமிருந்து மெல்ல நகர்ந்து, சோபாவைத் தாண்டி, அவர் இருந்த அறை வரை வந்து நின்றது. பதிவேட்டில் இன்னொரு வரி. 'ஹால்'.

முதல் பதிவைத் திறந்தார். மின்விசிறிச் சத்தம், டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம், அவள் மூச்சு, எல்லாம் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை. "சாப்பிட்டீங்களா" என்று அவள் கேட்கும் இடத்தில் ஒரு பள்ளம். இரண்டாவதிலும் அப்படியே. பதைபதைப்போடு பதினொன்றையும் ஓட்டினார். எல்லாவற்றிலும் விசிறி மட்டும் சுற்றியது. அவளுடைய குரலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தது ஏதோ ஒன்று. அவர் இரண்டாம் முறையாக மனைவியைப் பறிகொடுத்து அழுதார்.

மூன்றாவது வரி. 'என் நாற்காலி'.

அவர் உட்கார்ந்திருந்தது அவள் நாற்காலியில்.

அவர் அசையவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. தொடைமேல் ஈரமான கனம் இறங்கியது.

சுட்டியைப் பிடித்தார். அக்கவுண்டை மூடு. உறுதியா? ஆம்.

கனம் விலகியது. வாடையும் போயிற்று. மழை மட்டும் பெய்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

பதிவேட்டில் நான்காவது வரி விழுந்தது. கேட்டவர், இந்த முறை, அவரே. அவர் கைகள் மடியில் இருந்தன.

எதற்கு: 'தொண்டை'.

"யாரது" என்று கேட்டார். அவர் காதுக்கே கேட்கவில்லை. வாய் திறந்தது. காற்று வந்தது. சத்தம் இல்லை. கத்தினார். மறுபடி கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை.

ஹாலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சரி," என்றது அவருடைய குரல், அதே கரகரப்போடு. "மூடிடறேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.